குட்டையாகிக்கொண்டே வந்த கயிறு

"அந்த மூணாவது தக்காளியத் திருப்பு! அது இல்லப்பா, அதுக்குப் பக்கத்துல. வயித்துல கறுப்பு இருக்கா இல்லையா?"

ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து குரல் விழும். கீழே தள்ளுவண்டிக்காரன் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பான். கறுப்பு இருக்கும். முனகிக்கொண்டே அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றைக் கூடையில் வைப்பான். பஹீகாவின் ஓலைக்கூடை சுவரில் உரசாமல், மூன்றாம் மாடிக் கொடியில் காயும் துணியில் மாட்டாமல், நேராக மேலே போகும். ஷுப்ராப் பேட்டையில் கூடை இறக்காத வீடு கிடையாது. சோம்பேறியும் இறக்குவாள், முழங்கால் வலிக்காரியும் இறக்குவாள். ஆனாலும் இவளைப் போல இழுக்க ஒரு கை வேண்டும் என்று, கீழ்த்தளத்தில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் பையூமி சொல்லிக்கொண்டே இருப்பான்.

அவனுக்கும் அவளுக்கும் ஒரு பாஷை உண்டு. அவள் கரண்டியால் கம்பியைத் தட்டினால் கூடை வருகிறது என்று அர்த்தம். அவன் தேய்த்த துணியை வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு தடவை சுண்டினால் இழுக்கலாம் என்று அர்த்தம். இதற்கு நடுவில் இரண்டு பேரும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள்.

"உஸ்தா, போன தடவை என் பொண்ணு சட்டைக் காலரைத் தீச்சுட்டியே!"

"அது தீச்சல் இல்ல உம்மு ரீஹாம், சூரியன் கருக்கினது. நீங்க அவ்ளோ ஒசரத்துல இருக்கீங்க!"

தொழில்காரன் என்ற மரியாதையில் அவன் அவளுக்கு உஸ்தா; மகள் ரீஹாமின் அம்மா என்பதால் அவள் அவனுக்கு உம்மு ரீஹாம். அவள் தொழிலும் கூடையில்தான் நடந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு மஹ்ஷி சமைக்க ஆசை இருக்கும், காயைக் குடைய நேரம் இருக்காது. சாயங்காலம் வரும்போது பிஞ்சுச் சுரைக்காய், கத்திரிக்காய், குடமிளகாய் எல்லாவற்றையும் அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் அவை உள்ளே வெறுமையாகி, தோல் கிழியாமல், அரிசி அடைக்கத் தயாராக இறங்கி வரும். குடையும் கத்தியை அவள் வலது கை சுழற்றும் வேகத்தைப் பார்த்தால் கண் கட்டும். இடது கையில், வேலை இல்லாத நேரத்திலெல்லாம், ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அதை நகத்தால் கீறுவாள், முகர்வாள், மறுபடி மூடிக்கொள்வாள். வாசனைப் பிரியை என்று தெரு நினைத்தது.

பஹீகா கீழே இறங்குவதே இல்லை. வருஷக்கணக்கில் அவள் கால் அந்தச் சந்தில் படவில்லை. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். எல்லாரும் கூடை இறக்குகிற தெருவில், இறங்காத ஒருத்தியை எப்படித் தனியாகப் பார்ப்பது? குரல் நாள் முழுக்கத் தெருவில்தான் இருந்தது. ஆளும் அதோடு இருப்பதாகவே தோன்றிவிட்டது. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வரவில்லையே என்று குறைப்பட்ட ஒன்றிரண்டு பெண்கள் மட்டும், "மகாராணிக்கு நம்ம தெரு மண்ணு ஆகாது" என்று முகத்தை நொடித்துக்கொண்டார்கள்.

பையூமிக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணி தேய்ப்பவனிடம் ஒரு வீடு எதை மறைக்க முடியும்? யாருக்குத் தொப்பை போட்டது, எந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் அவன் மேஜைக்குத்தான் முதலில் வரும். ஐந்தாம் மாடியிலிருந்து ரீஹாமின் அலுவலகச் சட்டைகள் வந்தன, பாவாடைகள் வந்தன, முக்காடுகள் வந்தன. பஹீகாவுடையது என்று வந்தவை வீட்டில் போடும் தொளதொள கல்லாபிய்யா அங்கிகள் மட்டும்தான். தெருவில் போடும் துணி ஒன்றுகூட வந்ததில்லை. அவன் கை அதைக் கவனித்திருந்தது. மூளைக்குச் சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் கூடையில் கருநீல நீளக்கோட்டு ஒன்று இறங்கியது. அந்துருண்டை நாற்றம் கடையை நிறைத்தது. மடித்த மடிப்பிலேயே வருஷங்களாகக் கிடந்ததால் கோடுகள் வெளுத்துப் போயிருந்தன.

"மடிப்பு இருந்த இடமே தெரியக் கூடாது உஸ்தா!"

"எங்க கிளம்பிட்டீங்க உம்மு ரீஹாம், ஹஜ்ஜுக்கா?"

வெறுங்கூடை விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது. வாயைக் கொடுத்தால் வட்டியோடு திருப்பித் தருகிறவள் சும்மா இருந்தது அவனுக்கு என்னவோ போல இருந்தது. ரீஹாமுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குத்தான் கோட்டு என்று நினைத்துக்கொண்டு, ஈரத் துணி போட்டு நிதானமாகத் தேய்த்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு கூடை வினோதமாக நடந்துகொண்டது. ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து வராமல், நான்காம் மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து வந்தது. கொஞ்ச நாள் கழித்து மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னல். தலையை நீட்டாமல், கை மட்டும் வெளியே வந்து இறக்கியது. பையூமி கயிற்றைப் பார்த்தான். நுனி வெட்டுப்பட்டுக் குட்டையாகியிருந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது அப்படி நினைத்தான். கயிறு இற்று இற்று விழுகிறது. கல்யாணச் செலவுக்கு நடுவில் புதுக் கயிறு வாங்கச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பாவம், விதவைப் பொம்பிளை படி இறங்கி வந்து கூடை விடுகிறாள். இதைப் பார்த்துக்கொண்டு ஒரு தெரு சும்மா இருந்தால் அது தெருவா?

அன்று மதியம் கூடை இறங்கியதும் அவிழ்த்தான். பழைய கயிற்றின் நுனியில் நீல நைலான் கயிறு ஒன்றைக் கட்டினான். படகைக் கட்டினாலும் அறாத கயிறு. அதன் நுனியில் கூடையைக் கட்டி, தள்ளுவண்டிக்காரன் அன்பளிப்பாகக் கொடுத்த ஆரஞ்சுகளையும் போட்டு, இரண்டு தடவை சுண்டினான்.

"இனிமே படி இறங்குற பாடே வேண்டாம் உம்மு ரீஹாம்! உங்க வீட்டு பால்கனியில நின்னுக்கிட்டே இறக்குங்க! நாங்க எதுக்கு இருக்கோம்?"

தெருவில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.  அப்புறம் கூடை மெதுவாக ஏறியது. மறுநாளிலிருந்து அது பழையபடி ஐந்தாம் மாடியிலிருந்தே இறங்கியது. பையூமி மீசையைத் தடவிக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் ரீஹாம் கடைக்குள் வந்தாள். உட்காரவில்லை.

"பையூமி மாமா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"என்னம்மா பண்ணேன்? இத்துப்போன கயித்துக்குப் புதுசு கட்டினேன்."

"அது இத்துப்போகல. அம்மாவே வெட்டுனது. காய் குடையுற கத்தியால, ஒவ்வொரு மாடியா அளந்து வெட்டுனது!"

அவள் சொல்லச் சொல்ல அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டான். சில வருஷங்களுக்கு முன் பஹீகா மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தாள். பெண்கள் பெட்டி, கோடைக்காலம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வண்டி நின்றது, விளக்கு அணைந்தது. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்தது, மூச்சு முட்டியது. இதுதான் மரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நிலைய நடைமேடையில் படுக்கவைத்து யாரோ வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மெட்ரோ வாசல் வரை போனாள். மறுபடியும் அதே அடி. திரும்பி வீட்டுக்கு ஓடினாள், உடனே உயிர் வந்தது. அதனால் மெட்ரோவை விட்டாள். பிறகு பஸ்ஸில் வந்தது, பஸ்ஸை விட்டாள். பிறகு சந்தை. பிறகு சந்து முனை. கடைசியில் தன் வீட்டு வாசற்படியிலேயே வந்தது. ஒவ்வொரு தடவை திரும்பி ஓடியபோதும் நிம்மதி கிடைத்தது, ஒவ்வொரு தடவையும் அவள் உலகத்தில் ஒரு துண்டு குறைந்தது. அத்தைமார்கள் கண் திருஷ்டி என்றார்கள், ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள், சாம்பிராணி போட்டார்கள். பஹீகா தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, வெளியே தெரியாமல் இருக்கக் குரலை மட்டும் பெரிதாக்கிக்கொண்டாள்.

ரீஹாம்தான் அலுவலகத்தில் யாரிடமோ கேட்டு டாக்டர் நெர்மீனைப் பிடித்தாள். மனநல டாக்டர், சின்ன வயசு, ஃபோனில்தான் பேசுவாள். பஹீகா ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, காய் குடைந்தபடியே கேட்பாள்.

"இது பைத்தியம் இல்ல. பீதி நோய். உங்க உடம்பு தப்பாப் படிச்ச பாடம், அவ்வளவுதான்" என்றாள் டாக்டர். "நீங்க உள்ள ஓடினதும் பயம் இறங்குது பாருங்க, அதுதான் அதுக்குக் கூலி. கூலி கிடைக்கிற வரைக்கும் அது தினம் வேலைக்கு வரும். கூலி குடுக்காம அங்கேயே நில்லுங்க. ஏறினது தானா இறங்கும். அதை உடம்பே கண்ணால பாக்கணும், நான் சொன்னாக் கேக்காது."

"நிக்கிறதுக்குள்ள நான் செத்துட்டா?"

"இதுவரைக்கும் எத்தனை தடவை செத்திருக்கீங்க?"

பஹீகா சிரித்துவிட்டாள். ஒரேயடியாக வேண்டாம், வாரம் ஒரு மாடி, பயம் தணிகிற வரை நின்றுவிட்டு வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாள். ஆனால் பஹீகா தினமும் கதவு வரை போய்விட்டுத் திரும்பிவிடுவாள். எதற்கு இறங்க வேண்டும், அதுதான் கூடை இருக்கிறதே! அதனால்தான் ஒரு நாள் கத்தியை எடுத்தாள். கயிறு நான்காம் மாடியிலிருந்துதான் எட்டும் என்றால் நான்காம் மாடிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். மூச்சு முட்டும்போது முகர்வதற்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் விட மாட்டேன் என்றாள்.

"அதுவும் ஒரு கயிறுதான். ஒரு நாள் விடணும்" என்றாள் டாக்டர்.

"நபி மேல ஆணையாச் சொல்றேன், இந்த ஒண்ணை எனக்கு விட்டுடும்மா."

"மூணாம் மாடி வரைக்கும் வந்தாங்க மாமா" என்றாள் ரீஹாம். "இப்ப மறுபடி வீட்டுக் கதவத் தொறக்கல. உங்க கயிறு அவ்வளவு நல்ல கயிறு." மேஜையில் கிடந்த சட்டையை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு மறுநாள் காலையில சபாஹிய்யா சாப்பாடு எடுத்துக்கிட்டு எல்லாப் பொண்ணுக்கும் அம்மாதான் வருவாங்க. எனக்கு அத்தை கையில குடுத்தனுப்பச் சொல்றீங்களா? அது கூடப் போகட்டும். நான் போயிட்டா அந்த வீட்ல அம்மாவும் கூடையும்தான் மாமா இருக்கும். சாகுற வரைக்கும்."

பையூமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இப்பவே மேல போய் அவுத்துடுறேன்" என்று எழுந்தான்.

"நீங்க தொடக் கூடாது. அவங்கதான் அவுக்கணும்."

மறுநாள் காலையில் நீலக் கயிறு சுருளாக அவன் கடை வாசலில் வந்து விழுந்தது. கூடவே குரல்: "உஸ்தா! ரொம்ப நல்ல கயிறு. அதனாலதான் வேண்டாம்!"

அதன் பிறகு பையூமிக்கு ஒரு வேலை கிடைத்தது. வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலையை அவன் பார்த்ததில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது! அவள் இறங்குகிற நேரத்தில் கட்டட வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நல்லவர்களைத் தடுத்தான். ஒருத்தி குளிர்ந்த கோலாவோடு வருவாள். ஒருத்தர் நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார். வெங்காயம் வந்தது, பன்னீர் வந்தது, ஓதித் தண்ணீர் தெளிக்க ஆள் வந்தது. "யாரும் மேல போகக் கூடாது. எனக்கே அனுமதி இல்ல!" என்று எல்லாரையும் விரட்டினான். இரக்கமில்லாதவன் என்று பெயர் வாங்கினான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நிற்பது அவனுக்குக் கேட்கும். மூச்சு இழுக்கும் சத்தம், விட முடியாமல் தவிக்கும் சத்தம். சுவரில் நகம் பிராண்டும். "யா ரப், யா ரப்" என்று கடவுளைக் கூப்பிடுவாள். எலுமிச்சை வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே வரும். பையூமி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ராணுவத்தில் இருந்தவர்களைத் தெரியும், சந்துச் சண்டையில் கத்திக்கு முன்னால் மார்பைக் காட்டியவர்களைத் தெரியும். அவர்களுக்கெல்லாம் எதிரி வெளியே இருந்தான். செத்துக்கொண்டிருக்கிறாய் என்று தன் உடம்பே ஒவ்வொரு நரம்பிலும் கத்தும்போது, இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவளை அவன் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் ஒரு வெறும் படிக்கட்டில், குப்பை வாளிக்குப் பக்கத்தில், வீட்டுச் செருப்போடு!  மூச்சு மெல்ல மெல்லச் சீராகி, கடைசியில் ஒரு நீண்ட பெருமூச்சாக வரும். அப்போதுதான் அவள் மேலே போவாள். பயத்தோடு ஒரு தடவைகூட மேலே போகவில்லை.

அவள் வாசலுக்கு வந்து சேர்ந்த நாளில் கயிறு ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் உஸ்தாவா? இத்தனை வருஷமா உன் வழுக்கையத்தான் பாத்திருக்கேன். மூஞ்சி இவ்ளோ சுமாரா ஆயிருக்கும்னு நினைக்கல."

தெருவே சிரித்தது. பையூமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் அவ்ளோ ஒசரம் இல்ல உம்மு ரீஹாம்" என்றான்.

கல்யாணம் சந்திலேயே பந்தல் போட்டு நடந்தது. பஹீகா வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடினாள். குலவை போட்டதில் அவள் குரலை ஜெயிக்க ஆள் இல்லை. வண்டி மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது மட்டும் நிலையை விட்டுவிட்டு நாலடி ஓடி, அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை கருநீலக் கோட்டில் இறங்கி வந்தாள். மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. தலையில் பெரிய தட்டு. அதில் பொரித்த வாத்து, அரிசி அடைத்த புறாக்கள், நெய் ஒழுகும் அடுக்கு ரொட்டி. வலது கை தட்டைப் பிடித்திருந்தது. இடது கை மூடியிருந்தது.

"பின்னால வா உஸ்தா. ஆனா வாயத் தொறக்காதே. நான் விழுந்தாத் தூக்காதே. வாத்து விழுந்தா மட்டும் தூக்கு."

மகளின் வீடு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் மெட்ரோ வாசல். வேறு வழியும் இருந்தது, கொஞ்சம் சுற்று. அவள் அந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிகள் பூமிக்குள் இறங்கும் அந்த இடத்துக்கு வந்ததும் அடியிலிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. கால் நின்றுவிட்டது. தட்டு நடுங்கி, புறா ஒன்று உருண்டு ரொட்டியில் சாய்ந்தது. கோட்டின் முதுகு ஈரமாவதைப் பையூமி பார்த்தான். வேலைக்குப் போகும் கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. ஒரு பெண் நின்று, "என்னம்மா, தலை சுத்துதா?" என்றாள். பையூமி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சுத்துது. சுத்தட்டும். நீ போம்மா" என்றாள் பஹீகா. பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "வா. வந்துட்டுப் போ. இன்னைக்குக் கூலி கிடையாது."

எவ்வளவு நேரம் என்று பையூமிக்குத் தெரியாது. ரயில் ஒன்று கீழே வந்து, கூட்டத்தைத் துப்பிவிட்டுப் போனது. இன்னொன்றும் போனது. தட்டின் நடுக்கம் குறைந்தது. தோள் தாழ்ந்தது. அவள் நடந்தாள், தெருவில் தினமும் நடக்கிற எந்தப் பெண்ணையும் போல. பெரியதொன்றின் பின்னால் நடக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

மகளின் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டு வாசல் கிணறு மாதிரி இருட்டாக இருந்தது, வெளியே தெருவில் நல்ல வெயில் அடித்தபோதும். நான்காம் மாடி பால்கனியில் ரீஹாம் நின்றிருந்தாள். தாயைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அவசர அவசரமாக உள்ளே ஓடி, புத்தம்புதுக் கூடை ஒன்றைக் கயிற்றில் இறக்கினாள்.

"அம்மா, போதும்மா! இவ்ளோ தூரம் வந்ததே போதும்! படி இருட்டா இருக்கு, தட்டக் கூடையில வெச்சுடு, நான் இழுத்துக்கிறேன்!"

பையூமி தலையைக் குனிந்துகொண்டான். அவன் கயிற்றைப் போலவே இதுவும் நல்ல கயிறு.

கூடை ஆடி ஆடி வந்து பஹீகாவின் மார்புக்கு நேராக நின்றது. அவள் அதைப் பார்த்தாள், படிக்கட்டின் இருட்டைப் பார்த்தாள். இடது கையை விரித்து, நகக் கீறல் நிறைந்த எலுமிச்சம்பழத்தைக் கூடைக்குள் போட்டாள். கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். கூடை மேலே போகத் தொடங்கியபோது, அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் படி ஏறியிருந்தாள்.